நந்தன் கதையைப் பாட்டாக்கிய கோபாலகிருஷ்ண பாரதியார்



பாரதியார் என்று சொன்னதும் நமக்கு முண்டாசும் முறுக்கு மீசையும்தான் கண் முன்னால் வரும். அவர் 1882-ல் பிறந்த எட்டயபுரத்து சுப்பிரமணிய பாரதியார். அவருக்குச் சுமார் 70 வருஷம் முன்னாலேயே இன்னொரு பாரதியார் நம்ம தமிழ்நாட்டில் பிறந்திருக்கிறார். கவிதையும் எழுதினார், இசையும் அமைத்தார், தானே மேடையில் பாடியும் காட்டினார். அவர்தான் கோபாலகிருஷ்ண பாரதியார்.

கர்நாடக சங்கீதம் என்றால் நம்மில் பலர் ஒதுங்கிப் போய்விடுகிறோம். அது ஏதோ சபாவில் பெரியவர்கள் தலையாட்டிக் கேட்கிற விஷயம், நமக்குப் புரியாது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தக் கச்சேரிகளில் பாடுகிற சில தமிழ்ப் பாட்டுகளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தன் முதலாளியிடம் ஒரே ஒரு நாள் லீவு கேட்ட பண்ணையாள் ஒருவனின் கதை அது. அந்தக் கதையைப் பாட்டாக்கியவர் வாழ்க்கையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

பிறப்பும் இளமையும்

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நரிமணம் என்று ஓர் ஊர். பூமிக்கடியில் எண்ணெய் கிடைக்கும் ஊர் என்று புவியியல் பாடத்தில் அந்தப் பெயரைப் படித்திருப்போம். அங்கேதான் 1810-ஐ ஒட்டி கோபாலகிருஷ்ணர் பிறந்தார். பரம்பரையாகவே இசை தெரிந்த குடும்பம். பாரதி என்பது அந்தக் குடும்பத்துக்கு வழிவழியாக வந்த பட்டப்பெயர்.

சிறு வயதிலேயே பெற்றோரை இழந்துவிட்டார். சில காலம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார் என்று சொல்வார்கள். நம்ம வயதில் ஆதரவில்லாமல் ஊர் ஊராகப் போன பையன் அவர். ஆனால் எங்கே போனாலும் படிப்பையும் பாட்டையும் மட்டும் விடவில்லை. முடிகொண்டான் என்ற ஊரில் சில காலம் இருந்தார். மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) வேதாந்தம் படித்தார்.

அந்தக் காலத்தில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தின் ஒரு கிளை திருவிடைமருதூரில் இருந்தது. அங்கே பெரிய பெரிய வித்துவான்கள் வந்து போவார்கள். ராமதாஸ் என்ற வடநாட்டு இசைக் கலைஞரிடம் பாரதியார் இந்துஸ்தானி சங்கீதமும் கற்றுக்கொண்டார். தெற்கத்திச் சங்கீதம், வடக்கத்திச் சங்கீதம், கிராமத்து மெட்டுகள் என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை. இது பின்னால் அவருக்கு எவ்வளவு கைகொடுத்தது என்பதைப் பார்ப்போம்.

பிறகு மாயவரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் தங்கினார். அந்த ஊர் அண்ணு ஐயர் என்பவர் அவரை ஆதரித்தார். பாரதியார் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவும் இல்லை. பாட்டும் சிவபக்தியும்தான் அவருக்கு எல்லாம்.

தியாகராஜரைப் பார்த்தது

திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்துகொண்டிருந்த காலம் அது (அவர் மறைந்தது 1847-ல்). பாரதியார் அவரைப் பார்க்கப் போனதைப் பற்றி இசைக்காரர்கள் ஒரு சம்பவம் சொல்வார்கள். பாரதியார் போன நேரத்தில் தியாகராஜரின் சீடர்கள் ஆபோகி என்ற ராகத்தில் பாடிக்கொண்டிருந்தார்களாம். வந்தவர் யார் என்று விசாரித்த தியாகராஜர், நீங்கள் ஆபோகியில் ஏதாவது பாட்டு செய்திருக்கிறீர்களா என்று கேட்டாராம். பாரதியார் பதில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஆபோகியில் புதுப் பாட்டு ஒன்றோடு வந்து நின்றார். அதுதான் இன்றும் கச்சேரிகளில் கேட்கிற சபாபதிக்கு என்ற கீர்த்தனை. இருவருக்கும் மொழி வேறு, பாடிய தெய்வமும் வேறு. தியாகராஜர் தெலுங்கில் ராமனைப் பாடினார், இவர் தமிழில் தில்லை நடராஜரைப் பாடினார். இருந்தாலும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள்.

ஒரு பெயரிலிருந்து ஒரு கதை

இப்போது நந்தன் கதைக்கு வருவோம். இது பாரதியார் கற்பனையாக உண்டாக்கிய கதை இல்லை. ரொம்பப் பழையது.

எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் சிவனடியார்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லித் திருத்தொண்டத்தொகை பாடினார். அதில் திருநாளைப்போவார் என்று ஓர் அடியார் பெயர் மட்டும்தான் வருகிறது. பிறகு நம்பியாண்டார் நம்பி ஒரு செய்யுளில் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் கதையை விரிவாகப் பாடினார்.

சேக்கிழார் சொல்லும் கதை இதுதான். கொள்ளிடக் கரையில் ஆதனூர் என்ற ஊர். அங்கே தீண்டாதவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட குலத்தில் நந்தனார் பிறந்தார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுப்பது அவருடைய தொண்டு. யோசித்துப் பாருங்கள். கோயிலுக்குள் ஒலிக்கிற இசைக்கருவிக்குப் பொருள் கொடுத்தவர் அவர். ஆனால் அந்த இசையை உள்ளே போய்க் கேட்க அவருக்கு உரிமை இல்லை!

ஒரு நாள் திருப்புன்கூர் போய் வெளியே நின்று சாமியைப் பார்க்க முயன்றார். நந்தி சிலை மறைத்தது. சிவபெருமான் நந்தியை விலகச் சொல்ல, அது விலகியது என்பது புராணம். வைத்தீசுவரன் கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள அந்தத் திருப்புன்கூர்க் கோயிலில் நந்தி சற்று விலகியே இருப்பதை இப்போதும் பார்க்கலாம். அடுத்து அவருக்குச் சிதம்பரம் போக ஆசை. ஆனால் உள்ளே விடமாட்டார்களே என்ற தயக்கம். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று தள்ளித் தள்ளிப் போட்டார். அதனால்தான் திருநாளைப்போவார் என்ற பெயர். கடைசியில் சிதம்பரம் போய், ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நெருப்பில் மூழ்கி வரும்படி கனவில் இறைவன் சொன்னார். அதன்படி தீயில் இறங்கி, முனிவர் வடிவத்தில் எழுந்து, உள்ளே போய் இறைவனோடு கலந்தார். இதுவே புராணம் சொல்வது.

பாரதியார் சேர்த்தது என்ன?

பாரதியார் இதை அப்படியே பாடியிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். அவர் சேர்த்ததைக் கவனியுங்கள். சேக்கிழார் கதையில் முதலாளி என்று யாரும் இல்லை. பாரதியார்தான் ஒரு நில உடைமையாளரைக் கொண்டுவந்தார். அவர் வேதியர். நந்தன் அவருடைய பண்ணையாள். சிதம்பரம் போக வேண்டுமென்றால் ஆண்டையிடம் உத்தரவு வாங்க வேண்டும்.

நாம் ஒரு நாள் லீவு வேண்டுமென்றால் லெட்டர் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். நந்தனால் அது முடியுமா? மார்கழித் திருவாதிரைக்குத் தில்லை போய்வருகிறேன் என்று அவன் கெஞ்சுகிறான். ஆண்டைக்குக் கோபம் வருகிறது. உனக்கு எதற்குச் சிதம்பரம் என்று விரட்டுகிறார். சேரியில் இருக்கிற பெரியவர்களும் பயந்துபோய், பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று தடுக்கிறார்கள். கடைசியில் ஆண்டை ஒரு நிபந்தனை போடுகிறார். நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்து அறுவடை செய்துவிட்டுப் போ என்கிறார்.

ஒரு வேலி என்பது சுமார் 6⅔ ஏக்கர். நாற்பது வேலி சுமார் 266 ஏக்கர். ஒரு ஃபுட்பால் மைதானம் 2 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் 130 மைதானத்துக்கு மேல் வருகிறது! ஒரு மனிதன் எப்படிச் செய்ய முடியும்? போகாதே என்பதைத்தான் ஆண்டை இப்படிச் சொல்கிறார். ஆனால் ஒரே இராத்திரியில் சிவனருளால் அத்தனை வேலையும் முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்த ஆண்டை வெட்கப்பட்டு நந்தனின் காலில் விழுகிறார்.

இந்த ஆண்டை பாரதியாருக்கு எங்கிருந்து கிடைத்தார்? வேறெங்கே, கண் முன்னாலிருந்துதான். அவர் வாழ்ந்தது தஞ்சைச் சீமையின் நெல் வயல்களுக்கு நடுவில். நிலம் மிராசுதார்கள் கையில் இருந்தது. சேற்றில் இறங்கியவர்கள் பண்ணையாட்கள். 1843-ல் கம்பெனி அரசு அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சட்டம் போட்டது. ஆனால் வயலில் நிலைமை உடனே மாறிவிடவில்லை. பாரதியாரும் பிராமணர், அவரை ஆதரித்தவர்களும் பிராமணர்கள். அப்படி இருந்தும் வேதியரைக் கொடுமைக்காரராகவும் பண்ணையாளைப் பெரிய பக்தனாகவும் வைத்து அவர் பாடினார். அவர்கள் முன்னாலேயே பாடினார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

அழுகையும் கோபமும் ராகமானது

நந்தன் சரித்திரத்தைப் பாரதியார் கதாகாலட்சேபமாக அமைத்தார். அதாவது நடுவில் கதை சொல்லிக்கொண்டே பாட்டும் பாடுவது. பண்டிதருக்கு ஒரு மெட்டு, பாமரருக்கு ஒரு மெட்டு என்று அவர் பிரிக்கவில்லை. பெரிய ராகங்களில் கீர்த்தனைகள் இருக்கும், அதன் பக்கத்திலேயே நொண்டிச்சிந்தும் கண்ணியும் விருத்தமும் இருக்கும். இளமையில் எல்லா இசையையும் கற்றுக்கொண்டது இங்கேதான் கைகொடுத்தது.

கதையில் எந்த இடத்தில் எந்த ராகம் என்று பார்த்தால் அவருடைய திறமை தெரியும். திருப்புன்கூரில் நந்தி மறைக்கிற இடத்தில் வழிமறைத்திருக்குதே என்ற பாட்டு. இதை நாட்டைக்குறிஞ்சி ராகத்தில் பாடுவார்கள். பக்தன் சண்டை போடவில்லை, ஏங்கிக் கேட்கிறான். உள்ளே வரலாமா என்று கேட்கிற இடத்தில் வருகலாமோ என்ற பாட்டு, மாஞ்சி ராகத்தில். மெதுவாக நகரும் பாட்டு இது. வாசலில் நிற்கிறவன் தயங்கித் தயங்கிக் கேட்பது போலவே இருக்கும். ராகம் தெரியாதவர்களுக்குக்கூட அந்தத் தயக்கம் புரிந்துவிடும். கதை தெரிந்து கேட்டால் இன்னும் நன்றாகப் புரியும்.

திண்ணையில் காத்திருந்தவர்

அந்தக் காலத்தில் ஒரு நூலை அச்சுப் போட வேண்டுமென்றால் பெரிய புலவரிடம் சிறப்புப்பாயிரம் வாங்க வேண்டும். இந்தப் புத்தகம் நல்லது என்று அவர் எழுதித் தருகிற பாட்டு அது. மாயவரத்தில் அப்போது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருந்தார். தமிழில் அவருக்கு மிஞ்சி ஆள் கிடையாது என்று பெயர் பெற்றவர். பாரதியார் அவரிடம் போனார்.

பிள்ளையவர்களுக்குத் தயக்கம். பாட்டுகளில் இலக்கணப் பிழை இருக்கிறது, பெரியபுராணத்தில் இல்லாததெல்லாம் கதையில் இருக்கிறது, இதற்கு எப்படிப் பாயிரம் தருவது என்று நினைத்தார். நேரே முடியாது என்று சொல்லவும் மனமில்லை. அதனால் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். பாரதியாரும் சலிக்காமல் வந்து வந்து திரும்பினார். நந்தனுக்கு நாளை நாளை என்று போனது போலவே நந்தனைப் பாடியவருக்கும் ஆனது!

ஒரு நாள் மத்தியானம் பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருந்தார். பாரதியார் திண்ணையில் உட்கார்ந்தபடி, சும்மா இருக்க மனமில்லாமல் நந்தன் பாட்டு ஒன்றை உருகிப் பாட ஆரம்பித்தார். அதைக் கேட்டு உள்ளே இருந்தவர் எழுந்துவிட்டார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெளியே வந்து பாயிரம் எழுதித் தந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இலக்கணம் பார்த்தவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பாட்டைப் படித்தபோது பிழை தெரிந்தது, கேட்டபோது நந்தன் தெரிந்தான். அவ்வளவுதான். 1860-களின் தொடக்கத்தில் நந்தன் சரித்திரம் அச்சில் வந்தது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காரைக்காலில் ஓர் அதிகாரி இதைக் கேட்டு மகிழ்ந்து, அச்சிட உதவினார் என்றும் சொல்வார்கள்.

நம் பாடப்புத்தகத்தில் வருகிற உ.வே.சாமிநாதையரும் பாரதியாரிடம் கொஞ்ச நாள் பாட்டு கற்றவர்தான். 1871-ல் அவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்க மாயவரம் வந்தபோது, அப்பாவின் விருப்பப்படி பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொண்டார். சங்கீதத்தில் மனம் போனால் தமிழ்ப் படிப்பு குறையும் என்று பிள்ளையவர்கள் கருதியதால் பாதியில் நிறுத்திவிட்டார். ஆனால் அந்த ஆசிரியரை மறக்கவில்லை. பின்னாளில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் வாழ்க்கையை ஒரு நூலாகவே எழுதினார். அதனால்தான் இவ்வளவு விஷயம் நமக்குத் தெரிகிறது.

பாரதியார் திருநீலகண்டர், இயற்பகையார், காரைக்கால் அம்மையார் கதைகளையும் பாட்டாக்கினார். 1896-ல் மறைந்தார். அந்த மூன்றையும்விட நந்தன்தான் மக்கள் மனதில் நின்றான்.

பாட்டு போன தூரம்

பாரதியார் மறைந்த பிறகும் அந்தப் பாட்டுகள் ஓயவில்லை. சுப்பிரமணிய பாரதியார் தேசப் பாட்டுகள் எழுதியபோது, நந்தன் சரித்திர மெட்டுகளில் சிலவற்றை எழுதினார். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் வெள்ளைக்காரக் கலெக்டரும் பேசுவது போன்ற பாட்டுகள் அப்படிப் பிறந்தவை. ஆண்டை இடத்தில் கலெக்டர் வந்தார், நந்தன் இடத்தில் விடுதலை கேட்கிறவர் வந்தார். மெட்டு மக்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் பொருள் உடனே புரிந்தது.

சினிமாவும் விடவில்லை. 1935-ல் வந்த பக்த நந்தனார் படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். பெரிய சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். 1942-ல் வந்த நந்தனார் படத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்துப் பாடினார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. 1916-ல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் நந்தனார் பெயர்! நந்தன் வெளியே நின்ற அதே ஊரில், நந்தன் பெயரால் பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்து படித்தார்கள். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலானோர் ஆலயப் பிரவேசம் செய்தார்கள். அவர்கள் நெருப்பில் இறங்கவில்லை. வாசல் வழியாக நடந்தே உள்ளே போனார்கள்.

நாம் யோசிக்க வேண்டியது

இந்தக் கதையைப் படித்தவர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. குற்றம் செய்தவர் உள்ளே விடாதவர். அப்படியிருக்க நந்தன் ஏன் நெருப்பில் இறங்க வேண்டும்? பாரதியாரும் அந்த முடிவை மாற்றவில்லையே! இந்தக் கேள்வி நியாயமானதுதான். புராணத்தில் இருந்த முடிவை மாற்ற அவரால் முடியவில்லை, அல்லது அவர் நினைக்கவில்லை. ஆனால் தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தார். பெயர் மட்டுமாக இருந்த ஒருவனுக்குக் குரல் கொடுத்தார். ஆண்டையைக் காலில் விழ வைத்தார். ராஜாக்களையும் தெய்வங்களையும் பாடிக்கொண்டிருந்த சங்கீத மேடையில் ஒரு பண்ணையாளை நிற்க வைத்து, எல்லோரையும் கேட்க வைத்தார். மீதியை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள்.

அடுத்த தடவை ரேடியோவிலோ டி.வி.யிலோ வருகலாமோ என்ற பாட்டு வந்தால் உடனே சேனலை மாற்றிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். வாசலில் நின்று ஒருவன் உள்ளே வரலாமா என்று கேட்கிறான். நம் வகுப்பிலும், நம் விளையாட்டிலும், நாம் சேர்ந்து சாப்பிடுகிற இடத்திலும் அப்படி யாராவது ஒதுங்கி நின்றால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே வா என்று கூப்பிடுவோம். கோபாலகிருஷ்ண பாரதியாருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அதுதான்.